நாயனத்துக்கு மட்டும்

மணமேடை ஓரத்தில் கீபோர்டை வைத்து நாயன ஒலியை வாசித்துப் பார்த்தபோது பாதிச் சுரங்கள் கேட்கவே இல்லை. வேகமாக ஓடும் இடங்களில் விரல் கட்டையைத் தொட்டும் தொடாமலும் போகிறதே, அங்கெல்லாம் ஒலி மெலிந்து காணாமல் போனது. தெப்ராவ் மண்டபத்தில் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள்.

நாயனம் ஊத வேண்டியவருக்குக் காய்ச்சல். அதனால்தான் என்னை அழைத்திருந்தார்கள். அதுவரை எங்கள் இசைக்குழுவில் நான் விருந்துகளுக்கு மட்டுமே வாசித்தவள். முகூர்த்தம் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சொதப்பினால் மறுபடி வராது.

குழுத் தலைவரை அண்ணன் என்போம். அவர் கீழிருந்து குரல் கொடுத்தார்.

"நல்லா அழுத்தி அடிமா! பசியாறலையா?"

பக்கத்தில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இந்தச் சத்தத்துல கெட்டி மேளம் வாசிச்சா, கடைசி வரிசையில தும்முனாகூட மாப்பிள்ளைக்குக் கேக்கும் லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலி ஏறும்போது தும்மலோ கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டி மேளம்!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. இயற்பியல் வகுப்பில் மலாயில் 'ஹலாஜு' என்று படித்ததுதான் இந்தக் கருவியின் திரையில் 'வெலாசிட்டி'. கட்டையை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதல்ல, எவ்வளவு வேகமாக அது கீழே போகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. அழுத்து அழுத்து என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம்.

அண்ணன் மேடைக்கே வந்துவிட்டார். "டச்சை மொத்தமா ஆஃப் பண்ணிடு. எல்லாம் ஒரே சத்தமா வரும்."

"பியானோ செத்துருமேண்ணே. தாலி கட்டினதும் மெதுவா பியானோ வேணும்னு பொண்ணு கேட்டிருக்காங்க."

"முதல்ல தாலி ஏறட்டும்மா!"

நாயனத்தில் விரல் சுரத்தைத்தான் பிடிக்கிறது. சத்தம் மூச்சிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, என் விரலின் வேகம் ஏன் சத்தத்தைத் தீர்மானிக்க வேண்டும்? நாயன ஒலியின் எடிட் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஒலிக்கு மட்டும் வெலாசிட்டியைப் பூஜ்ஜியமாக்கி, எப்படித் தொட்டாலும் முழுச் சத்தம் வரும்படி வைத்தேன். மூச்சின் வேலையைக் கால் பெடலுக்குக் கொடுத்துவிட்டுச் சேவ் செய்தேன். பியானோவைத் தட்டிப் பார்த்தேன். மெல்லத் தொட்டால் மெல்லவே வந்தது.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். மணமேடையில் செருப்பு கூடாது. விருந்துகளில் எப்போதும் செருப்புக் காலோடு வாசித்துப் பழகியவளுக்கு, வெறுங்காலில் பெடலை மிதித்தால் எங்கே பாதி, எங்கே முழுசு என்றே தெரியவில்லை. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல என் குதிகால் தவித்துக்கொண்டே இருந்தது.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

யோசிக்கவில்லை. முழுசாக மிதித்தேன். தவிலும் நாயனமும் ஒன்றாக எழுந்ததில் முன்வரிசைக் குழந்தை ஒன்று காதைப் பொத்திக்கொண்டது. ஒரு சுரம்கூட விடுபடவில்லை. கூட்டத்தில் யாராவது தும்மினார்களா என்று எனக்குத் தெரியாது.

பியானோவும் முடிந்து, சாப்பாட்டுக்கு எழுந்தபோது அண்ணன் வந்தார்.

"பாத்தியா, டச்சை ஆஃப் பண்ணதும் எப்படி வந்துச்சு!"

"ஆஃப் பண்ணலண்ணே. நாயனத்துக்கு மட்டும்தான் மாத்தினேன்."

"அதத்தானே நானும் சொன்னேன்!"

"நீங்க மொத்தமான்னு சொன்னீங்க."

தவில்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"சிகாமட்ல ஒரு கல்யாணம் இருக்கு. விடியக்காலையில கிளம்பணும். வருவியா?"

"முகூர்த்தத்துக்கா, விருந்துக்கா?"

"முகூர்த்தத்துக்குத்தான்மா. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோ."