மயோர்க்காவில் ஒரு வாரச் சமையல்

டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் நான் தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை யூலையில் இழுத்து மூடிவிடுவார்கள். எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த டெனிஷ்காரி அந்த லீவுக்கு ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் போய், பொரித்த றால் மாதிரிச் சிவந்து வருவாள். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், நீயும் புருஷனும் தனியாகப் போங்கள் என்று அவள்தான் சொன்னாள். தனியாக என்பதை அழுத்திச் சொன்னாள். எங்கள் வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியும்.

இவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. நான் படியிறங்கும்போது இவர் படியேறுவார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் கதைத்ததெல்லாம் வாசலில் நின்றுதான். சோறு அடுப்பில் கிடக்கு, கதவைப் பூட்டும், அவ்வளவுதான். சனி ஞாயிறில் இவர் நித்திரை. இரவு வேலையை விடுங்கோ என்று கேட்க எனக்கு ஆறுதலான ஒரு பொழுது வேண்டியிருந்தது. அதற்காகத்தான் விசாவுக்கு அலைந்தேன். மற்றபடி கடல் காணாதவளா நான்?

எங்கள் ஆட்களிடையே புருஷனும் பெண்சாதியும் தனியாகப் பயணம் போனால், ஏதோ பிரச்சினையாம் என்று கதை கிளம்பிவிடும். இவர் போய்க் கூட்டாளிமாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

"அவையும் வருகினமாம். தனியப் போய் என்ன செய்யிறது?"

இரண்டு குடும்பங்கள் கூட வந்தன. அரிசியும் மிளகாய்த்தூளும் என் பெட்டியில் ஏறின, என் நல்ல சேலைகள் இறங்கின. மற்றப் பெண்கள் இருவருக்கும் கைக்குழந்தைகள். பிள்ளையில்லாத எனக்கு அகப்பை. விடுதி அறையில் இருந்த சின்ன மின்னடுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே தடவையில் சோறு வேகாது. ஒரு பானை இறக்க அடுத்த பானை. கீழே வெள்ளைக்காரர் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, எங்கள் ஆம்பிளைகள் சப்பாத்தும் நீளக் காற்சட்டையுமாகக் கடற்கரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, பல்கனியில் சீட்டு விளையாடினார்கள். தொழிற்சாலையில்கூட எனக்கு இப்படிக் கால் உளைந்ததில்லை.

கடைசி நாள் மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். இவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நான் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்கள் இந்த இரவு வேலையை விடுங்கோவன். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வீட்டில இருக்கிற மாதிரியே இல்லை."

"ஓம், எனக்கும் அந்த யோசினை இருந்தது. முந்தநாள் எல்லாரும் அதைத்தான் கதைச்சனாங்கள். இன்னும் ஒரு வருஷம் செய்து பாக்கச் சொல்லிச்சினம். எனக்கும் அதுதான் சரியெண்டு பட்டுது. காலமை வேலைத்தலத்துக்குப் போன் எடுத்து இரவு வேலைக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"நீர் சமையலில நிண்டனீர்."

முந்தநாள் அந்தப் பல்கனிக் கதவு திறந்துதான் இருந்தது. நடுவில் இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். என்னைக் கண்டதும் அவர்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அடுப்பில் மீன் கருகிவிடும் என்ற அவசரத்தில் எனக்குத்தான் ஒன்றும் காதில் ஏறவில்லை. அழலாம் என்று நினைத்தேன், அதற்கும் அலுப்பாக இருந்தது. இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சோறு ஆக எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டார்.