மாவு உப்பும் நேரத்தில் சரித்திரம்

சரித்திர டீச்சருக்குத் தொண்டை பெரிது. கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தினாலும், எந்த ராஜா எங்கே தோற்றான் என்பது மைதானத்தில் பந்து விளையாடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். கையும் சும்மா இருக்காது. படையெடுப்பு நடக்கும் நாட்களில் முதல் பெஞ்சுக்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். டைப்ரைட்டிங் படி, கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் அவருடைய அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். மகள் காதில் போட்டுக்கொண்டால்தானே. பழைய கதைகளிலேயே விழுந்து கிடந்து, அதிலேயே ஒரு வேலையும் வாங்கி, வருடக்கணக்கில் சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. பள்ளியில் தொழிற்பாடங்களைக் கொண்டுவந்தார்கள். தையல், செல்போன் ரிப்பேர், ரொட்டி தயாரிப்பு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் தொழிலா சரித்திரமா என்று தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். பிள்ளைகள் யோசிக்கக்கூட இல்லை, ஓடிவிட்டார்கள். சரித்திரத்தில் மிஞ்சியது நான்கே பேர். அதில் ஒருத்தி மாவைக் கண்டாலே தும்முகிறவள். ஒருவன் பெயர் கொடுக்க வேண்டிய நாளன்று வீட்டில் தூங்கிவிட்டவன். மற்ற இரண்டு பேர் ஏன் வந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் போட்டு உடைத்துவிட்டார். இந்தப் பருவம் முடிவதற்குள் பிள்ளைகள் சரித்திரத்துப் பக்கம் திரும்பினால் சரி, இல்லாவிட்டால் பாடத்தையே மூடிவிட வேண்டியதுதான், டீச்சருக்குச் சீருடை ஸ்டோரைக் கொடுத்துவிடலாம் என்றார். பிள்ளைகளுக்கு அளவு பார்த்துச் சட்டை எடுத்துக் கொடுப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அடுக்கி வைத்த சட்டைகளிடம் எந்தப் போரைப் பற்றிப் பேசுவது?

போதாக்குறைக்கு அவருடைய வகுப்பை ஒட்டியே ரொட்டி செய்யும் அறை. ரொட்டி வேகும் வாசனை வந்துவிட்டால் நான்கு மூக்கும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். உண்மையைச் சொன்னால், ஐந்து மூக்கு. ஒருநாள் பொறுக்க முடியாமல், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று டீச்சர் அந்த அறைக்குள் நுழைந்தார்.

உள்ளே சண்டைக்கு யாரும் தயாராக இல்லை. அறை நிறையப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்கள் சுவரில் சாய்ந்து தூக்கத்தில் சாமியாடிக்கொண்டிருந்தார்கள். நீள மேசைமேல் ஈரத்துணி மூடிய பெரிய பெரிய பாத்திரங்கள். ஒல்லியாக, விறைப்பாக நின்ற ரொட்டி மாஸ்டர் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாடம் நடக்கவில்லையா என்று டீச்சர் கேட்டார்.

"மாவு உப்பணும் டீச்சர். முக்கால் மணி நேரம் ஆகும். அதை அவசரப்படுத்த என்னாலயும் முடியாது."

அன்று மாலை டீச்சர் பாத்திரம் கழுவிக்கொண்டே தன் சோகத்தையெல்லாம் வீட்டுக்காரரிடம் கொட்டினார். அவர் பஸ் டிரைவர். எதையும் பாதி கேட்டுவிட்டு பஸ்ஸில் கொண்டுபோய் முடிக்கிறவர்.

"உன் ஸ்டாப்புல ஆள் இல்லன்னு அழுவுற. ஆளுங்க எங்க நிக்கிறாங்கன்னுதான் இன்னிக்குப் பார்த்துட்டு வந்துட்டியே. வண்டிய அங்க கொண்டுபோய் நிறுத்து" என்றார்.

டீச்சர் சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் போய், மாவு உப்பும் நேரத்தைத் தனக்குக் கடனாகத் தரும்படி கேட்டார். ரொட்டி மாஸ்டருக்கு அதில் இஷ்டமில்லை. ரொட்டி போடத் தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான், செத்துப்போன ராஜாக்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். முதல் பாதியை டீச்சர் உடனே ஒத்துக்கொண்டார். இரண்டாவது பாதிக்கு, கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். மாஸ்டர் நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். சாக்பீஸ் கூடாது, தூள் மாவில் விழும். கையை வீசினால் பாத்திரத்தில் படக் கூடாது. மாவு தயாரானதும் அவர் கரண்டியால் தட்டில் ஓங்கி அடிப்பார். யாருடைய கழுத்தில் கத்தி இருந்தாலும் கதை அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

டீச்சர் தன் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். தும்முகிறவள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். சாக்பீஸ் இல்லாத குறையை மேசையில் சிந்திக் கிடந்த மாவு தீர்த்து வைத்தது. அதைப் பரப்பிவிட்டு விரலால் கோடு போட்டால் ஆறு, குவித்துவிட்டால் மலை. பாலைவனத்தில் தண்ணீர் தேடிப் போன வணிகர்கள், கடலில் வழி தவறிய கப்பல்கள், அண்ணனைச் சிறையில் போட்ட தம்பிகள் எல்லாரும் அந்த மேசைமேல் வந்து போனார்கள். தலை பின்னல் நின்றது. தூக்கம் போன இடம் தெரியவில்லை.

மாஸ்டர் மட்டும் மசியவில்லை. கோட்டைக் கதவு உடையப் போகும் நொடியில்தான் கரண்டி தட்டில் விழும். பிள்ளைகள் கெஞ்சுவார்கள், காலில் விழாத குறை. அவர் அடுப்பைக் கைகாட்டுவார். தன் கையில் ஒரு ரொட்டிகூட வீணானதில்லை என்பது அவருடைய பெருமை. ஆனால் கதை ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை அவர் துடைப்பது ஒரே தட்டைத்தான் என்பதை டீச்சர் கவனித்திருந்தார். ஒருநாள் மாஸ்டரே, போகிற போக்கில் கேட்பதுபோல, கதையில் வந்த பெரிய படைக்கு யார் ரொட்டி சுட்டார்கள் என்று கேட்டார். டீச்சர் அன்று நூலகத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு, மறுநாள் வந்து சொன்னார். மாஸ்டர் மார்க் போடுகிறவர்போலத் தலையை ஆட்டினார்.

பருவத்தின் கடைசி வாரம் வந்தது. அன்று மாலை பெற்றோர் கூட்டம். வருகிறவர்களுக்குக் கொடுக்க ரொட்டி வேண்டும் என்று தலைமையாசிரியை மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். சரித்திரத்தை மூடுவதா வேண்டாமா என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம் என்று அவர் கிளம்பி வந்தார்.

மேசையில் அன்று மாவால் கட்டிய அரண்மனை. பாரிஸ் நகரத்துச் சந்தைப் பெண்கள் ரொட்டி கிடைக்காமல், கொட்டும் மழையில் ராஜாவைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் அந்தப் பெண்களின் பீரங்கியை இழுக்கிறவர்போல மேசையைச் சுற்றி வந்தார். வாசலில் நின்ற தலைமையாசிரியை முதலில் பார்த்தது மாவைத்தான். அது ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, மேசையில் வழிந்து, அரண்மனையின் பின்வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. தலைமையாசிரியை அவர் பக்கத்தில் போய், மாவு வழிகிறது என்று மெல்லச் சொன்னார்.

மாஸ்டர் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

"கொஞ்சம் இருங்க மேடம். ராஜா இன்னும் வெளிய வரல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. டீச்சரும் அப்போதுதான் வாசல் பக்கம் பார்த்தார். எல்லாம் முடிந்தது, சீருடை ஸ்டோர்தான் என்று நினைத்துக்கொண்டார். தலைமையாசிரியை வழிகிற மாவைப் பார்த்தார், வாய் பிளந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு ஒரு மாவு மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"வர்றவங்களுக்கு பிஸ்கட் வாங்கிக்கலாம். அடுத்த வருஷம் இந்த நேரத்தை சரித்திரத்துக்குன்னு டைம்டேபிள்லயே போட்டுடறேன். இப்ப சொல்லுங்க, அந்த ராஜா வந்தானா இல்லையா?"

டீச்சர் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜாவை வெளியே கூட்டி வந்தார். பெண்கள் அவனை விடவில்லை. ராணியையும் பிள்ளையையும் சேர்த்து வண்டியில் ஏற்றித் தங்கள் ஊருக்கே கொண்டுபோனார்கள். இனிமேல் ரொட்டிக்குக் கவலையில்லை, ரொட்டிக்காரரையும் அவர் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கையோடு கூட்டி வருகிறோம் என்று ராஜாவுக்கே ரொட்டிக்காரர் பட்டம் கட்டி வழி நெடுகக் கத்திக்கொண்டே போனார்கள்.

"ராஜாவுக்கும் நம்ம பேருதானா" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. மாவு தரையில் சொட்டத் தொடங்கியிருந்தது.