வெர்னாவைத் தொடர்ந்து வந்த சாம்பல் வண்டி

வெர்னாவுக்கு முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்க்கிற வழக்கம். அயோவாவில் ஒரு பெரிய கடையில், சாமான் வாங்க வந்தவளைப் போல கைப்பையோடு சுற்றித் திரிந்து, திருடுகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை. ஸ்வெட்டரைக் கோட்டுக்குள் சுருட்டிய பாதிரியார் மனைவியைப் பிடித்திருக்கிறாள். காலியான குழந்தைத் தள்ளுவண்டிக்குப் போர்வை போர்த்தி, உள்ளே ரம்பம் வைத்துத் தள்ளிப்போனவனையும் பிடித்திருக்கிறாள். ஓய்வுபெற்ற அன்று மேலாளர் கேக்கை நீட்டி, "இனிமேலாவது யாரையாச்சும் நம்பு வெர்னா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கணவர் டெல்மர் நேர் எதிர். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கையசைத்த எவருக்கும் வண்டியை நிறுத்துகிற ஆள். இருவரும் வீட்டை விற்றுவிட்டு, ஒரு பழைய கேரவன் வண்டியை வாங்கி, அதிலேயே குடியேறினார்கள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. மனசுக்குப் பிடித்த இடத்தில் வாரக்கணக்கில் தங்குவது, சலித்தால் கிளம்புவது. டெல்மர் இப்போதும் பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் ஓட்டுவார். பெட்ரோல் போடும் இடத்திலெல்லாம், அடுத்து எங்கே தங்கப் போகிறோம் என்று முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்பித்துவிட்டு வருவார்.

அந்த ஆளை வெர்னா முதலில் பார்த்தது தெற்கு டகோட்டாவில், கேரவன்களை நிறுத்தித் தங்குகிற ஓர் ஆற்றங்கரை முகாமில். கழுத்து நீண்ட கிழவன். சாம்பல் நிற பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு சின்ன அறையைப் பொருத்தி, அதில் தனியாக இருந்தான். விடியற்காலையில் அவர்களுடைய கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து எதையோ பார்த்தான். அவள் ஜன்னல் திரையை விலக்கியதும் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தான்.

வயோமிங்கில் மறுபடியும் அதே சாம்பல் வண்டி.

"டெல், அது அவன்தான்."

"இருந்தா என்ன? இருக்கறது ஒரே ரோடு. அவனும் மேற்கே போறான், நாமளும் மேற்கே போறோம்."

"நம்ம எங்க தங்கறோம்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டெல்மர் முட்டையைத் திருப்பிப் போட்டார். "கேட்டான், சொன்னேன். பாவம், தனியா இருக்கான்."

"நீ ஒருத்தன் போதும். நம்ம கழுத்தை அறுக்க வர்றவனுக்குக் கத்தி தீட்டிக் குடுப்ப!"

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. துணி துவைக்கப் போனால் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஆள் முன்னதாகவே வந்து நோட்டம் பார்க்கிறான். பழக்கம் பிடித்து, கணவனைப் பேச்சில் மயக்கிவிட்டு, சமயம் பார்த்து உள்ளே நுழைவான் என்று கணக்குப் போட்டாள். இந்த வித்தையைக் கடையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்! அவனிடம் இனி வாயைத் திறக்கக்கூடாது என்று டெல்மரிடம் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்துவிட்டு, அன்று சாயங்காலமே அவர் போய் அடுத்த ஊரையும் உளறிவிட்டு வந்தார்.

மொன்டானாவில் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவன் கேரவனின் பின்மூலையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். மாட்டைத் தடவுகிறவன்போல. அவளைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டு தன் வண்டியைப் பார்க்க நடந்தான்.

வெர்னா பையைக்கூட இறக்கவில்லை. நேரே முகாம் நிர்வாகி ரொவீனாவிடம் போனாள். "மூணு ஊரா எங்க பின்னாலயே வர்றான். அவனை வெளியே அனுப்பு, இல்லேன்னா நான் போலீஸ் ஷெரிஃபைக் கூப்பிடறேன்." ரொவீனா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. டெல்மர் திறந்தார். அந்த ஆள் தொப்பியைக் கையில் பிடித்தபடி கீழே நின்றான்.

"போயிடறேன் அம்மா. போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். என் பேர் ஹாலிஸ். இது எங்க வண்டி."

"என்னது?"

"நானும் என் பொண்டாட்டி லூயெல்லாவும் பதினோரு வருஷம் இதுல இருந்தோம். அவ உசுரு போனது இதுலதான். அப்புறம் நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என் மக வித்துட்டா. என் நல்லதுக்குன்னுதான் வித்தா. அந்தப் பின்மூலையைப் பெட்ரோல் பங்க் தூணுல இடிச்சது லூயெல்லா. பெயிண்ட் அடிச்சது நான். கலர் பொருந்தவே இல்ல. ஆத்தங்கரையில பாத்தப்ப அதை வச்சுத்தான் அடையாளம் கண்டேன்."

"அது வெளியே இருக்கு. யார் வேணா பாத்துட்டுச் சொல்லலாம்."

"வெர்னா!" என்றார் டெல்மர்.

"நீ சும்மா இரு. உள்ளே என்ன இருக்கு? அதைச் சொல்லச் சொல்லு."

அவன் யோசித்தான். "கட்டில் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆணி இருக்கும். கண்ணாடியைக் கழட்டி மாட்ட அவளுக்காக அடிச்சேன்."

 தினமும் படுக்கும்போது அவளும் தன் மூக்குக்கண்ணாடியை அந்த ஆணியில்தான் மாட்டுகிறாள்.

"இதை முதல்லயே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பைத்தியம்னு நெனப்பீங்க."

"இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றாள் வெர்னா. ஆனால் காலணியை மாட்டிக்கொண்டு ரொவீனாவிடம் போனாள்.

"இப்பதான் துரத்துன்ன, அதுக்குள்ள இருக்கட்டும்ங்கற. எனக்கு வேற வேலை இல்லையா?" என்று ரொவீனா சத்தம் போட்டாள். வெர்னா திட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஹாலிஸ் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்மர் கொடுத்த காபி அப்படியே ஆறியது. எழும்போது, "விப்பீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டோம்." டெல்மர் முந்திக்கொள்வதற்குள் வெர்னா சொல்லிவிட்டாள். "இது இப்ப எங்க வீடு."

அவர் தலையாட்டினார். "லூயெல்லாவும் இதேதான் சொல்லியிருப்பா."

பனி தொடங்குமுன் அவர்கள் தெற்கே திரும்பினார்கள். போகிற வழியை டெல்மர் ஹாலிஸிடம் விலாவாரியாகச் சொன்னபோது வெர்னா காதில் விழாததுபோல இருந்தாள். நியூ மெக்சிகோவில், அந்த ஊர்க்காரர்கள் தணலில் சுட்டு விற்கிற பச்சை மிளகாயை ஹாலிஸ் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். சேர்ந்து சாப்பிட்டார்கள். கூப்பிடாமல் அவர் படியில்கூடக் கால் வைக்கவில்லை; மடக்கு நாற்காலியை வெளியிலேயே போட்டுக்கொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்தது. வெர்னாவும் டெல்மரும் அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு துவைக்கும் அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நனையாதீங்க ஹாலிஸ், உள்ளே போய் உக்காருங்க" என்றாள் வெர்னா. "நாங்க வர நேரமாகும்."

டெல்மர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பாதி வழியில் பழைய சந்தேகம் தலைதூக்கியது. அலமாரியைப் பூட்டினோமா? கைப்பை எங்கே? நின்றாள். கேரவன் ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஒரு நிழலும் அசையவில்லை.

"போலாமா, திரும்பறியா?" என்றார் டெல்மர்.

"வாயை மூடிட்டு நட" என்று சொல்லிவிட்டு, துணிக்கூடையின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டாள்.