புகைக்கூண்டும் ஒரு வெள்ளிக்கிழமையும்

போடிமெட்டுக்குக் கீழே நாங்கள் வாங்கிய வீடு ஒரு காலத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோராக இருந்தது. மலைச்சரிவில் கட்டியது. கீழ்த்தளத்தில் அடுப்பறை. அங்கிருந்து செங்கல் புகைக்கூண்டு மேல் அறைச் சுவரை ஒட்டியபடி கூரையைத் தாண்டிப் போகிறது. அந்த மேல் அறையில்தான் நாங்கள் படுக்கிறோம்.

எங்கள் தோட்டத்து ஏலக்காயை நாங்களே உலர்த்தலாமே என்று, கீழே இரும்பு விறகடுப்பு ஒன்று வைக்க முடிவு செய்தேன். ஆனால் என் மனைவிக்கு இழுப்பு உண்டு. பழைய கூண்டில் ஒரு விரிசல் இருந்து புகை கசிந்தாலும், காய்ப் பருவம் முழுக்க அவள் பழனிசெட்டிபட்டியில் அக்கா வீட்டில்தான் இருக்க வேண்டும். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

கொத்தனார் கூரையேறி, கயிற்றில் கல்லும் தென்னந்துடைப்பமும் கட்டிக் கூண்டுக்குள் இறக்கினார். கரியும் குருவிக்கூடும் என் தலைமேலேயே விழுந்தன. காரை உதிர்ந்த இடங்களைப் பூசி, அடுப்புக் குழாயைக் கூண்டில் செருகி, இடுக்கைக் களிமண்ணால் அடைத்தோம். காய்ந்த பிறகு சோதனை. கூண்டின் வாயை ஈரச்சாக்கால் மூடிக் கீழே புகை போட்டால், விரிசல் இருக்கிற இடத்தில் கசியும்.

புது அடுப்புக்கு முதல் புகை சாம்பிராணியாக இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். பூசையும் ஆயிற்று, சோதனையும் ஆயிற்று என்று நினைப்பு.

"என்னங்க, இங்கன வாசம் வருது!" என்று மேலிருந்து அவள் குரல்.

ஓடிப்போய் மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, சாம்பிராணிதான். "ஒழுங்காப் பூசியிருந்தா ஏன்யா வருது?" என்று கொத்தனார்மேல் எரிந்து விழுந்தேன். அவர் சுவரைத் தடவிவிட்டு, "உடைச்சுத்தான் பாக்கணும்ணே" என்றார். மனைவி பையை எடுத்துச் சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

அறை மூலையில் சாமி அலமாரியில் இருக்கும் அவளுடைய இன்ஹேலரை எடுத்துக்கொடுக்கப் போனேன். பக்கத்திலிருந்த தூபக்கால் கையைச் சுட்டது.

"ஏண்டி, காலையில சாம்பிராணி போட்டியா?"

"வெள்ளிக்கிழமை போடாம இருப்பாகளா?"

அந்தப் புகைக்கு மட்டும் அவளுக்கு இழுப்பு வராதாம். சாமி சமாச்சாரமாம்.

ஜன்னல்களைத் திறந்து வாசத்தை விரட்டினோம். அவளை வெளியே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அறையை மூடிக்கொண்டு, சுவரில் மூக்கை வைத்தபடி நின்றேன். கீழே கொத்தனார் வரமிளகாயை அள்ளி நெருப்பில் போட்டார். அவர் இருமுவது கேட்டது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. தும்மாததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கொத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "இப்பத் திட்டுங்கண்ணே" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். பையிலிருந்த சேலைகள் துணி அலமாரிக்குத் திரும்பின.

முதல் எடுப்பில் பறித்த காயைப் பரப்பி அடுப்பு மூட்டிய அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மேலே படுத்திருந்தாள். விறகெடுக்க வெளியே வந்தேன். ஜன்னல் வழியாகக் கரகரவென்று ஒரு சத்தம். விறகைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இழுப்பு இல்லை, குறட்டை. கீழே நெருப்பு தணியும் என்று தெரிந்தும், சிறிது நேரம் அதைக் கேட்டபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.