மூன்று டம்ளர் தண்ணீர்

தையல்கார அக்காவின் சிறுநீரகங்கள் கைவிரித்து ஆறு வருஷம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதை இரண்டாகக் குறைக்கப்போவதாக ஆஸ்பத்திரி அறிவிப்பு வந்ததும் வார்டே கண்ணைக் கசக்கியது. அக்கா மட்டும் மூக்கு சிவக்க நிர்வாக அதிகாரியின் அறைக்குள் புகுந்தாள்.

"இடைவெளி கூடினா உடம்புல தண்ணி கோத்துக்கும் சார். இப்பவே ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான் குடிக்கலாம். நீங்க ஒரு மணி நேரம் குடிக்காம இருங்க, நான் பேசாம போயிடறேன்."

"இதென்னம்மா பிரமாதம்!"

அக்கா எதிரே உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். தண்ணீரை நினைக்க நினைக்க அவருக்கு நாக்கு வறண்டது. இருபதாவது நிமிடம் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டில் அவர் வாய்க்குப் போய்விட்டது.

"ஐயோ பாவம், குடிங்க சார். குடிச்சிக்கிட்டே எழுதுங்க, வாரம் மூணுன்னு."

புரையேறச் சிரித்தவர், அறிவிப்பைக் கிழித்துவிட்டு அப்படியே எழுதினார்.