யாமே என்றால் நிற்க வேண்டும்

மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்குக் காவலாளிகள் எடுக்கிறார்கள், கராத்தேயில் பிரவுன் பெல்ட் இருந்தால் உடனே அனுப்பிவிடலாம் என்று அட்டனில் ஓர் ஏஜென்ட் சொன்னார். என்னிடம் இருந்தது நீலம். நீர்கொழும்பில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், சாயங்காலத்தைக் கழிக்க ஓர் இடம் வேண்டுமென்று போய்க் கற்றது. பிரவுனுக்கு இன்னும் ஒரு தேர்வுதான் மிச்சம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் துணிக்கடை, நீர்கொழும்பு, வவுனியாவில் அரிசி ஆலை என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, பொகவந்தலாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா இருந்த லயத்துக்கு, தொழிலாளர் வரிசைவீட்டுக்கு, வந்து சேர்ந்திருந்தேன். காம்பரா என்ற ஒரே அறை. அதில் அக்கா, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள். மூலையில் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு நான்.

“நீ போனாத்தான்டா பெரியவளுக்கு அந்த மூல. வயசுக்கு வந்த புள்ள, எத்தன நாளைக்கு எங்களுக்கு நடுவுல படுப்பா?” என்றாள் அக்கா. கோபத்தில் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

பொகவந்தலாவை கடைவீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை மண்டபத்தில் வகுப்பு நடந்தது. மாஸ்டர் ஹார்ட்வேர் கடையில் வேலை செய்த சிங்களவர். வகுப்பில் பாதிப் பேர் சிங்களப் பையன்கள், பாதிப் பேர் நாங்கள். யாருக்கும் மனக்குறை வராதபடி அவர் எல்லாவற்றையும் ஜப்பான் மொழியிலேயே சொன்னார். நீர்கொழும்பில் எனக்குச் சிங்களத்தில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் நீல பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, வெள்ளை பெல்ட்காரர்களுக்குத் தெரிந்த சொல்கூடத் தெரியாமல் விழித்தேன். தேர்வில் சொற்களையும் கேட்பார்கள்.

தோட்டத்தில் எனக்குக் கான் வெட்டும் வேலை. மழைத் தண்ணீர் ஓடும் கானில் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். யோய், தயாராகு. ஹஜிமே, தொடங்கு. மவாத்தே, திரும்பு. யாமே, நிறுத்து. மேல் நிரையில் கொழுந்து பறித்த பெண்கள் கேட்டுவிட்டார்கள்.

“என்னா தம்பி, கானுக்கு மந்திரம் ஓதுறியா?”

“மந்திரம் இல்லக்கா. ஜப்பான் பாஷ.”

“ஜப்பான்காரனா வந்து கான் வெட்டப் போறான்? நீ வெட்டு.”

அன்றிலிருந்து கங்காணியும் “ஏய் ஜப்பான், குனிஞ்சு வெட்டு” என்றுதான் கூப்பிட்டார்.

எழுதி வைத்துப் படிக்க எனக்கு வராது. மாஸ்டர் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடித்தேன். கொஞ்ச நாளில் சொல் காதில் விழுந்ததும் கால் தானாக நகர்ந்தது. நடுவில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் விட யாமேயை மாஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். எந்த அடி எந்த நிலையில் இருந்தாலும் அந்தச் சொல்லோடு நின்றுவிட வேண்டும். நிற்காதவன் தேர்வில் அங்கேயே வெளியே.

எனக்கு ஜோடியாக நின்றவன் ஒரு சிங்கள த்ரீவீல் டிரைவர். என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். ஒருநாள் மவாஷி கெரி பழகினோம். காலை வட்டமாகச் சுழற்றி எதிராளியின் தலைக்கு விடும் உதை அது. தொடுவதற்குள் நிறுத்த வேண்டும். கூரையில் அடைமழை. மாஸ்டர் யாமே என்று கத்தியது எனக்குக் கேட்டது, கையைக் கீழே போட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. அவனுடைய பாதம் என் இடது காதை மூடி அறைந்தது.

டாக்டர் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மழையில் கான் வெட்டுகிறவன் எப்படிப் பார்த்துக்கொள்வது? பஞ்சை வைத்துக்கொண்டு போனேன். சீழ் பிடித்தது. சீழ் வடிந்து நின்றபோது அந்தக் காது முழுதாகக் கேட்காமல் போயிருந்தது.

ஒற்றைக் காதோடு இருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. லயத்தில் யாராவது கூப்பிட்டால் நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிள்ளைகள் அதை விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் முன் வரிசைக்காரர்களின் குதிகாலைப் பார்த்து நகர்ந்தேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. செவிட்டுக் காவலாளியை யார் எடுப்பார்கள்? செய்தி ஏஜென்டுக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. வகுப்பில் தெரிந்தவன் த்ரீவீல்காரன் ஒருவன்தான். அவன் ஒரு வழி சொன்னான்.

“மச்சான், டெஸ்ட்ல நானும் நீயும்தானே ஜோடி. நான் கை கீழ போட்டா யாமே. நீ சத்தம் கேக்க வேணாம். என் கைய மட்டும் பாரு.”

அப்படியே பழகினோம். வாரக்கணக்கில் பிசகவில்லை.

தேர்வு அட்டனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் வாய்க்கேள்விகளைத்தான் முதலில் கேட்டார். வலது காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். கேட்ட சொல் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அவர் தலையசைத்தார். மாலைதீவுக்குப் பாதி தூரம் போய்விட்டதாக நினைத்தேன்.

சண்டைக்கு வந்தபோது உடல் எடையைப் பார்த்து ஜோடிகளை மாற்றினார். எனக்கு எதிரே கந்தப்பளையிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் மகனை நிறுத்தினார். என்னைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பாலிருந்து த்ரீவீல்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹஜிமே கேட்டது. தொடங்கினோம். வெளியே ஒரு கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டி ஏதோ கத்தினான். கத்தியது உள்ளேயா வெளியேயா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும்வரை நிற்காமல் இருக்கவும் முடியாது. கையைப் போட்டேன். கடைக்காரர் மகனின் குத்து விலாவில் இறங்கியது. பரீட்சகர் யாமே சொல்லவில்லை, அவன் செய்தது முறைப்படி சரி.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை அவன் நிற்பதைப் பார்த்த பிறகுதான் நிற்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பார்வையாளர்களில் யாரோ கத்தினார்கள். நான் நினைப்பதற்கு முன்னால் என் கை கீழே இறங்கிவிட்டது. அடுத்த குத்து வாயில் பட்டது. உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது.

பரீட்சகர் இப்போது உண்மையாகவே நிறுத்தினார். கிட்டே வந்து சிங்களத்தில் கேட்டார். “யாரும் சொல்லாமல் ஏன் நிற்கிறாய்? பயமா?”

த்ரீவீல்காரன் கயிற்றைத் தாண்ட வந்தான். சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணால் தடுத்தேன். பயந்தவன் அடுத்த தேர்வுக்கு வரலாம். காது போனவன் வர முடியாது.

“ஊஸ்” என்றேன். கராத்தேயில் ஆம் என்பதற்கு அதுதான் சொல்.

அவர் என்னைப் போகச் சொன்னார்.

த்ரீவீலில் திரும்பி வரும்போது அவன், “ஏன் மச்சான், நான் சொல்லியிருப்பேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நோர்வூட் தாண்டும்வரை நான் உதட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பேசினால் உதடு திறந்துகொண்டது.

அடுத்த தேர்வுவரை ஏஜென்ட் காத்திருக்கவில்லை. அந்த இடத்துக்குப் பூண்டுலோயாவிலிருந்து ஒருவனை அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தேர்வு நடந்த அன்று மாலை லயத்துக்குள் நுழைந்தபோது அக்கா என் வாயைப் பார்த்தாள்.

“பாஸா?”

“இல்ல.”

மறைப்புக்குப் பின்னால் பெரியவள் தன் பள்ளிப் புத்தகங்களை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தாள். நான் வந்ததும் எழுந்து அவற்றை எடுக்கத் தொடங்கினாள்.

“எடுக்காத, இருக்கட்டும்” என்றேன்.

“நீங்க எங்க மாமா படுப்பீங்க?”

பையில் துணியை எடுத்து வைத்தேன். காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். கட்டிட வேலை கிடைத்தது. கான்கிரீட் மிக்ஸர் சத்தத்தில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்பதில்லை. மேஸ்திரி எல்லோருக்கும் கையைத்தான் காட்டுகிறார்.