மசுயோ செதுக்கிய இமை

அராகாவாவில் அச்சுப்படங்களுக்கு மரப்பலகை செதுக்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தில் இருப்பவரின் தலையைப் பட்டறையின் மூத்த கைதான் செதுக்க வேண்டும். துணி, மழை, தண்ணீர் எல்லாம் மற்றவர்களுக்கு. மசுயோவின் வீட்டில் அந்த மூத்த கை அவள் கணவன் குனியோ.

மசுயோ தோஃபு கடைக்காரரின் மகள். பத்தொன்பது வயதில் பட்டறையில் சேர்ந்து, பக்கத்து மேசைக்காரனையே கட்டிக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் தண்ணீரும் துணியும்தான் செதுக்கினாள். ஒரே ஒருமுறை குனியோவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஒரு தலை நான் செதுக்கறேனே?"

"உன் கை தண்ணிக்குன்னே பொறந்தது. அதை ஏன் கெடுத்துக்கற?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் மறுபடி கேட்கவில்லை. அவன் பொதுக் குளியலுக்குப் போன நேரங்களில் கழிவு மரத்துண்டுகளில் கூந்தல் செதுக்குவாள். அவன் திரும்புவதற்குள் அவற்றை அடுப்பில் போட்டுவிடுவாள்.

அந்த வருடம் ஒரு பதிப்பாளர் பெரிய வேலை ஒன்றைக் கொண்டுவந்தார். படகுத்துறையில் மழையில் நிற்கும் ஒரு பெண். இருநூறு வருடப் பழைய அச்சுப்படம். மிஞ்சியிருந்தது ஒரே பிரதி, அதுவும் நிறம் வெளுத்து. அந்தக் காலத்து முறைப்படியே செர்ரிப் பலகையில் செதுக்கி, கையால் செய்த காகிதத்தில் நூற்றிருபது பிரதி எடுக்க வேண்டும். குனியோ கோட்டுச் சித்திரத்தைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி வேலையைத் தொடங்கினான். மூக்கும் கன்னமும் கண்களும் வந்தன. பிறகு வேலை நின்றுபோனது.

"மழைக்காலம். மரம் ஊறிக் கிடக்கு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். வேலை நின்ற ஒன்பதாம் நாள் காலை வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாவது வாரம் குரோசு வந்தான். இருபது வருடமாக அவர்களுடைய பலகைகளை அச்சிடுகிறவன். குனியோவின் படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அண்ணி, கியோத்தோவுல ஒருத்தர்கிட்ட புதுசா செதுக்கச் சொல்லலாமான்னு பதிப்பாளர் கேக்கறார்."

"பாதிப் பலகை இங்க இருக்கே."

"மிச்சம் இருக்கறது கூந்தல், அண்ணி."

"எனக்கும் கண்ணு இருக்கு, தெரியுது. நான் முடிச்சுத் தரேன். அவரோட நாப்பத்தொம்பதாம் நாள் காரியம் வரைக்கும் பொறுக்கச் சொல்லு. உனக்குப் பிடிக்கலேன்னா நீயே பலகையை அடுப்புல போட்டுடு."

மறுநாள் காலை பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாள். இடது இமையின் கோடு அரிசி நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளந்த சிம்பைச் சோற்றுப் பசையால் திரும்ப ஒட்டியிருந்தான் குனியோ. மழைக்காலம் என்று அவன் சொன்னது எதை மறைக்க என்று அப்போதுதான் புரிந்தது. கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவளிடம்கூட அவன் சொல்லவில்லை.

தகனத்தன்று அழாதவள் அன்று அழுதாள். அழுகையில் பாதி கோபம்.

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று அவன் படத்தைப் பார்த்துக் கேட்டாள். "டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாமே."

அன்று அவள் கத்தியைத் தொடவில்லை. அடுத்த நாள் பிளந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அதில் செர்ரி ஆப்பு ஒன்றை இறுக்கி மட்டம் தட்டி, அதன்மேல் இமையைப் புதிதாகச் செதுக்கினாள். பிறகு கூந்தலுக்கு வந்தாள். நெற்றியோரத்தில் ஒரு நூல் அகலத்துக்குள் மூன்று மயிர்கள். ஒவ்வொன்றுக்கும் அடியை அகலமாக விட வேண்டும், இல்லாவிட்டால் அச்சில் உடையும். பதினாறு நாள் ஆயிற்று.

பலகை முடிந்ததும் குரோசு வந்து மை தடவி, ஈரக் காகிதத்தைப் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டால் தேய்த்துப் பிரித்தான். கூந்தலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பலகையின் இமைமேல் விரலை வைத்தான்.

"இது அண்ணன் வேலை இல்லையே."

மசுயோ மேசைமேல் கிடந்த மரச்சீவல்களைக் கூட்டி ஒதுக்கினாள்.

"ஈரம் பட்டதும் இந்த இடம் துளி உப்புது. காகிதத்துல தெரியாது, என் கைக்குத் தெரியுது."

"அவருக்குக் கை நடுங்கியிருக்கு, குரோசு. வெளிய சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்?" அவன் காகிதத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தான். "ஆனா ஒண்ணு. உங்களுக்கு ஒரு தலைகூடக் குடுக்காம வெச்சிருந்தது அண்ணன் பண்ணின அநியாயம்."

அவன் போன பிறகு மசுயோ குனியோவின் கத்திகளை ஒவ்வொன்றாகத் தீட்டி, தன் மேசைக்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

படத்தின் ஓரத்தில் செதுக்கியவர் என்று யார் பெயரைப் போடுவது என்று பதிப்பாளர் கேட்டார். முகம் குனியோ, கூந்தல் மசுயோ என்று எழுதிக் கொடுத்தாள். இமை யாருடையது என்று பக்கத்தில் நின்ற குரோசுக்கு மட்டும் தெரியும்.

இலையுதிர் காலத்துக்குள் நூற்றிருபது பிரதியும் அச்சாகிவிட்டன. அடுத்த வசந்தத்தில் அதே பதிப்பாளர் இன்னொரு பழைய படத்தோடும் வண்டியில் புதுப் பலகையோடும் வந்தார். இந்தமுறை தலை முழுக்க அவளுக்கு.

"செய்யறேன்" என்றாள் மசுயோ. "கை நடுங்கினா அன்னிக்கே உங்ககிட்ட சொல்லுவேன். அப்போ நீங்க சமாதானம் சொல்லாம வேற ஆளைப் பாத்துக்கணும். சம்மதம்னா பலகையை இறக்குங்க."